மின்சாரம் வருமுன் மனம் மாறினால்

 

கடைத்தெருவுக்குப் போகிறோம். ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம், விலை கேட்கிறோம், மனத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடக்கிறோம். கடைக்காரர் சிறிது முகம் சுளிக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் நேர்ந்துவிடாது. ஆனால் எல்லாக் கொடுக்கல் வாங்கலும் இவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை. சிலவற்றில் சொல் கொடுத்த நாள் ஒன்றாகவும், பொருள் வந்து சேரும் நாள் வேறொன்றாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மாதமும் இருக்கலாம், ஓராண்டும் இருக்கலாம். அந்த இடைக்காலத்தில் வாங்குபவரின் மனம் மாறிவிட்டால் என்ன ஆகும்? பொருள்தான் வரவில்லையே, விலகிக்கொள்ளலாம் என்று கருதலாமா? அல்லது, சொன்ன சொல் சொன்னதுதான் என்று கட்டுப்பட்டிருக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியையே இன்று ஆராய எண்ணுகிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக நான் கொள்வது மின்சாரம். ஒரு தொழிலுக்காக மின்சாரம் பெற ஒப்பந்தம் செய்துகொண்ட ஒருவர், அந்த மின்சாரம் வந்து சேருமுன்பே ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ள விரும்பினால், அவருடைய நிலை என்ன? நாளை தொழில் தொடங்கப் போகிறவர்கள் உங்களிற் பலர் இருப்பீர்கள். ஆதலால் இதனை இப்போதே அறிந்துகொள்வது நல்லது.

என் ஊர் முசிறி. காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு எதிர்க்கரையில் இருப்பது. வாழையும் நெல்லும் விளைகின்ற ஊர். கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். ஆற்றங்கரை ஈரத்தில் வளரும் கோரையை அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்தி, வேண்டியதற்குச் சாயம் ஏற்றி, நூற்பாவில் கோத்து நெய்வார்கள். கைத்தறியில் ஒரு பாய் முடிய இருவர் உட்கார்ந்து உழைக்க வேண்டும். விசைத்தறி வந்த பிறகு வேலை விரைந்தது. ஆனால் விசைத்தறிக்கு ஈரமும் வெயிலும் மட்டும் போதா, மின்சாரம் வேண்டும். இதில் ஒரு வியப்பு உண்டு. மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிந்தது. அங்கே 1937-ஆம் ஆண்டிலிருந்து நீரின் விசையால் மின்சாரம் எடுக்கிறார்கள். மேட்டூரில் சுழலியைச் சுற்றிவிட்டு வருகிற அதே காவிரி நீர்தான் முசிறிக்கு வந்து கோரைக்கு வேர் நனைக்கிறது. கோரையைத் தருவதும் காவிரி. அதை நெய்யும் தறிக்கு விசையைத் தருவதிலும் காவிரிக்குப் பங்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் மகன் கோரைப் பாய்க்கு விசைத்தறிகள் போட முனைந்தான். கொட்டகைக்கு இடம் பார்த்தாயிற்று. மின் இணைப்புக்கு விண்ணப்பமும் எழுதிக் கொடுத்து, கேட்ட தொகைகளையும் கட்டிவிட்டான். இந்நிலையில் கூட்டாளியாக வருவதாக இருந்தவர் விலகிக்கொண்டார். தனியாகத் தாங்க முடியாது என்று இவனும் திட்டத்தைக் கைவிட்டான். கட்டிய பணம் என்ன ஆகும், இனிமேலும் ஏதாவது கட்டச் சொல்வார்களா என்ற கவலையோடு என்னிடம் வந்தான்.

“மாமா, இன்னும் கம்பம்கூட நடவில்லை. ஒரு விளக்கு எரியவில்லை. வராத கரண்டுக்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? பேசாமல் இருந்துவிட்டால் தானாக அடங்கிவிடாதா?” என்று கேட்டான்.

“அடங்காதப்பா. நீ பேசாமல் இருந்தால் அவர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம்தான் சிக்கல் வரும்” என்றேன்.

அவன் கேட்ட கேள்வியில் இரண்டு கேள்விகள் அடங்கியிருந்தன. ஒப்பந்தம் என்பது எப்போது பிறக்கிறது என்பது முதலாவது. பிறந்துவிட்ட ஒப்பந்தத்தை, அது நடைமுறைக்கு வருமுன்பே முறித்தால் யாருக்கு என்ன நட்டம் என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் தனித்தனியே காண்போம்.

நம் நாட்டில் இத்தகைய செய்திகளுக்கு அடிப்படையாக இருப்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒருவர் ஒன்றைச் செய்வதாகவோ, வாங்குவதாகவோ, விற்பதாகவோ முன்மொழிகிறார். மற்றவர் அதை ஏற்கிறார். அந்த ஏற்பிலேதான் ஒப்பந்தம் பிறக்கிறது. பொருள் கைமாறும்போது அது பிறப்பதில்லை. ஆகவே விளக்கு எரிந்ததா, மீட்டர் சுழன்றதா என்பது இந்த முதற் கேள்விக்குத் தேவையற்றது.

முன்மொழிந்தவர் எதுவரையில் தம் சொல்லைத் திரும்பப் பெறலாம் என்பதையும் அச்சட்டத்தின் 4-ஆம் 5-ஆம் பிரிவுகள் வகுத்துரைக்கின்றன. சட்டம் காட்டும் எடுத்துக்காட்டே தெளிவானது. ஒருவர் தம் வீட்டை விற்பதாக மற்றொருவருக்குக் கடிதம் எழுதுகிறார். அவர் ஏற்பதாகப் பதில் எழுதி அஞ்சலில் சேர்க்கிறார். பதிற்கடிதம் அஞ்சற்பெட்டியில் விழும் அந்த நொடி வரையில் முதலாமவர் பின்வாங்கலாம். அதற்குப் பின் முடியாது. ஏற்றவருக்கோ இன்னும் சிறிது நேரம் உண்டு. தம் கடிதம் மற்றவர் கையில் போய்ச் சேருமுன், தந்தி ஒன்று அடித்து ஏற்பைத் திரும்பப் பெறலாம். நம் நாட்டில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு சூலைத் திங்களோடு நின்றுபோயிற்று. ஆனால் அந்த எடுத்துக்காட்டு உணர்த்தும் நெறி நிற்கவில்லை. கடிதத்தை முந்திச் செல்லும் எந்தச் செய்தியும் அந்தத் தந்தியின் வேலையைச் செய்யும்.

தொலைபேசியில் பேசினால் என்ன செய்வது? அங்கே கடிதம் வழியில் இருக்கும் நேரம் என்பதே இல்லை. 1965-ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆமதாபாத்தில் இருந்த வணிகர் ஒருவரும், காம்காவோனில் இருந்த ஒரு பருத்தி ஆலையினரும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வாங்குவதைப் பற்றித் தொலைபேசியில் பேசி முடித்திருந்தனர். பின்னர் வழக்கு எழுந்தது. ஒப்பந்தம் எந்த ஊரில் பிறந்தது என்பது கேள்வி. ஏற்கிறேன் என்ற சொல் எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊரிலே பிறந்தது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். ஏற்பு செவியில் விழுந்தவுடனே ஒப்பந்தம் நிறைவேறிவிடுகிறது என்பது இதனால் விளங்கும். தொலைபேசியில் ‘சரி’ என்று சொல்லிவிட்டு, காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லையே என்று ஆறுதல் கொள்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பிரித்தானிய நாட்டில் இது நாள்தோறும் காணும் தொல்லை. அங்கே மின்சாரத்தையும் எரிவாயுவையும் விற்பதற்குப் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. சிறு கடைக்காரருக்கும் உணவு விடுதிக்காரருக்கும் தரகர்கள் தொலைபேசியில் பேசி, பல மாதங்கள் கழித்துத் தொடங்கப் போகும் ஒப்பந்தத்தை இன்றே முடித்துவிடுவார்கள். வீட்டுக்காகத் தொலைபேசி வழியாக ஒப்பந்தம் செய்தவருக்கு, மனம் மாறினால் விலகிக்கொள்ள 14 நாட்களைச் சட்டம் அளிக்கிறது. தொழிலுக்காக வாங்குபவருக்குச் சட்டம் அப்படி ஒரு தவணை அளிப்பதில்லை. தொழில் செய்பவர் கணக்கறிந்தவர், தம் நலத்தைத் தாமே காத்துக்கொள்வார் என்று சட்டம் கருதுகிறது. நான்கு மேசைகள் போட்டுத் தேநீர் விற்பவரும் சட்டத்தின் கண்ணுக்குப் பெரிய ஆலை முதலாளியைப் போலவே தோன்றுகிறார். அந்தத் தேநீர்க்கடைக்காரர், இன்னும் தொடங்கவில்லையே என்று எண்ணி வேறொரு நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்துவிட்டால், ஒரே கடைக்கு இருவரிடம் கட்டுப்பட்டவராக ஆகிவிடுகிறார்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். தொடங்குமுன் முறிப்பதால் யாருக்கு நட்டம்?

இதற்கு விடை காண மின்சாரத்தின் இயல்பை உணர வேண்டும். அரிசி வியாபாரி, வாங்குவதாகச் சொன்னவர் வராவிட்டால் மூட்டையைக் கிடங்கில் வைத்து மறுநாள் வேறொருவருக்கு விற்பார். மின்சாரத்தை அவ்வாறு மூட்டை கட்டிக் கிடங்கில் அடுக்கி வைப்பது எளிதன்று. எந்த நொடியில் சுவிட்சைப் போட்டாலும் வர வேண்டும் என்றால், அதற்கு முன்பே மின்நிலையம் ஆயத்தமாக இருக்க வேண்டும். கம்பம் நட்டிருக்க வேண்டும். கம்பி இழுத்திருக்க வேண்டும். அத்தனை குதிரைத்திறனைத் தாங்கும் டிரான்ஸ்பார்மர் அமைத்திருக்க வேண்டும். அதாவது, வாங்குபவர் ஒரு யூனிட்கூடச் செலவழிக்காத போதே விற்பவர் பெரும் பொருளைச் செலவழித்துவிடுகிறார். ஆதலின் மின்சாரத்தை விற்பவர், பொருளோடு சேர்த்து ‘ஆயத்தமாக இருத்தல்’ என்ற ஒரு பணியையும் விற்கிறார் எனலாம்.

இக்கருத்தை நம் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. மராட்டிய மாநிலத்தில் சல்காவோன் நகராட்சி, தண்ணீர் இறைக்கும் நிலையத்துக்காக ஒரு மின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தது. இவ்வளவு தொகை குறைந்தபட்சமாகக் கட்ட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. எடுத்துக்கொள்ளாத மின்சாரத்துக்கு விலை கொடுப்பதா என்று வழக்கு நடந்தது. 1975-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புக் கூறியது. கேட்டபோது கொடுப்பதற்காக நிறுவனம் மின்சாரத்தை ஆயத்தமாக வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறது. அதற்கு ஈடாகவே குறைந்தபட்சக் கட்டணம் அமைந்தது. ஆகவே பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் அதைக் கட்டத்தான் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ‘வராத கரண்டுக்கு எதற்குப் பணம்’ என்ற என் மருமகனின் கேள்விக்கு இதில் ஒரு பாதி விடை இருக்கிறது.

மறு பாதி விடையை ஓர் ஆங்கில வழக்கு காட்டும். 1852-ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஒரு செல்வர், ஐரோப்பியப் பயணத்தில் தமக்குத் துணையாக வருவதற்கு ஒருவரை அமர்த்தினார். சூன் முதல் தேதி பயணம் தொடங்க வேண்டும். மூன்று மாத வேலை. மே 11-ஆம் தேதி அந்தச் செல்வர், மனத்தை மாற்றிக்கொண்டேன், நீர் வர வேண்டா என்று எழுதிவிட்டார். வேலையாள் மே 22-ஆம் தேதியே வழக்குத் தொடுத்தார். சூன் முதல் தேதி வருவதற்குமுன் எந்தக் கடமையும் தவறவில்லையே, வழக்கு எப்படி நிற்கும் என்று செல்வரின் தரப்பில் வாதிட்டார்கள். நீதிமன்றம் 1853-இல் அவ்வாதத்தை மறுத்தது. தொடங்கும் நாளுக்கு முன்பே, ‘செய்ய மாட்டேன்’ என்று ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டால் மற்றவர் அன்றே ஒப்பந்தம் முறிந்ததாகக் கொள்ளலாம். கையைக் கட்டிக்கொண்டு சூன் முதல் தேதிவரை காத்திருக்க வேண்டியதில்லை. வேறு வேலை தேடிக்கொள்ளலாம். தமக்கு நேர்ந்த நட்டத்தையும் கேட்கலாம் என்று கூறியது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவும் இந்நெறியையே கொண்டுள்ளது.

மாணவர்களே, இந்த வழக்கில் நான் காண்பது கடுமையை மட்டுமன்று. இதில் இருவருக்கும் ஒரு நன்மை இருக்கிறது. விலகப் போகிறவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், மற்றவர் தம் நட்டத்தைக் குறைத்துக்கொள்ள வழி பிறக்கிறது. அவர் வேறு வேலை தேடிக்கொண்டால், விலகியவர் கொடுக்க வேண்டிய ஈடும் அந்த அளவுக்குக் குறைகிறது. நம் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இதனை வெளிப்படையாகவே சொல்கிறது. முறிவினால் இயல்பாக விளைந்த நட்டத்துக்கு மட்டுமே ஈடு உண்டு. தொலைதூர நட்டங்களுக்கு இல்லை. நட்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஆகவே விலகுவதென்று தீர்மானித்தவருக்கு ஒவ்வொரு நாளும் விலையுள்ளது. கம்பம் நடுமுன் சொன்னால் ஒரு கணக்கு. நட்டபின் சொன்னால் வேறு கணக்கு. டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கியபின் சொன்னால் அதுவும் வேறு.

என் தங்கை மகனுக்கும் இதையே சொன்னேன். அவன் அன்றே ஒரு கடிதம் எழுதினான். விண்ணப்ப எண், தேதி, கட்டிய தொகைகள், எந்தத் தொகைக்கு எந்த ரசீது என்பதெல்லாம் அதில் இருந்தன. இணைப்பு வேண்டா என்பதை ஒரே வரியில், சுற்றி வளைக்காமல் எழுதினான். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, மறுபடியில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கினான். வேலை தொடங்கியிருக்கவில்லை. விண்ணப்பத்துக்கென்று கட்டிய கட்டணம் திரும்பவில்லை. அது விண்ணப்பத்தைப் பரிசீலித்ததற்கான கூலி. காப்புத் தொகையாகக் கட்டியது சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தது. ஏனெனில் காப்புத் தொகை என்பது வரப்போகும் கட்டணத்துக்கு ஒரு பிணை. கட்டணமே வரப்போவதில்லை என்றால் பிணைக்கு வேலையில்லை. ஒரே நாளில் ஒரே சன்னலில் கட்டிய பணமானாலும் ஒவ்வொரு தொகைக்கும் ஒவ்வொரு குணம் உண்டு என்பதை அவன் அப்போதுதான் உணர்ந்தான். இன்று விண்ணப்பங்கள் கணினி வழியாகவும் போகின்றன. ஆனாலும் அத்தாட்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளும் முறை மாறவில்லை.

விலகுபவர் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. சில ஒப்பந்தங்களில், ‘விலகினால் இவ்வளவு தண்டம்’ என்று ஒரு பெருந்தொகையை அச்சிட்டு வைத்திருப்பார்கள். அச்சில் இருப்பதனாலேயே அது முழுவதும் செல்லிவிடாது. சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை ஓர் எல்லை மட்டுமே. அந்த எல்லைக்குள் நியாயமான ஈட்டையே நீதிமன்றம் அளிக்கும். 1963-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. தில்லியில் ஒரு மனையும் கட்டடமும் விலை பேசப்பட்டன. வாங்குபவர் 1,000 ரூபாய் அச்சாரமும், பின்னர் 24,000 ரூபாயும் கொடுத்தார். வாங்குபவர் தவறினால் 25,000 ரூபாயும் போய்விடும் என்பது நிபந்தனை. அவர் தவறிவிட்டார். அச்சாரமான 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ளலாம். மற்ற 24,000 ரூபாய் தண்டத்தின் இயல்புடையது, அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் கூறியது. சொல்லைக் காக்கச் சொல்லும் சட்டமே, சொல் தவறியவரைச் சூறையாடவும் விடுவதில்லை. ஆகவே, ‘உங்களுக்கு நேர்ந்த உண்மையான செலவு என்ன? கணக்குக் காட்டுங்கள்’ என்று பணிவோடு கேட்பதற்கு விலகுபவருக்கு உரிமை உண்டு.

பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் நிலைமை வேறு. கட்டணம் இவ்வளவுதான் என்று தவறாகச் சொல்லி ஒருவரை இணங்கச் செய்தால், அந்த இசைவு உரிய இசைவாகாது. அத்தகைய ஒப்பந்தத்தை ஏமாந்தவர் விரும்பினால் நீக்கிக்கொள்ளலாம். இருவரும் மனமொத்து விலக விரும்பினாலோ, 62-ஆம் பிரிவு அதற்கு வழிவிடுகிறது. அப்போது பழைய ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டியதில்லை. நீதிமன்ற வாயிலை மிதிப்பதைவிட இந்த வழி பெரும்பாலும் மலிவானது.

முசிறிக் கொட்டகைக்குப் பொருந்தும் நெறி, பெரிய அரசாங்கங்களுக்கும் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. மராட்டிய மாநிலத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் தாபோல் என்னும் இடத்தில் ஒரு மாபெரும் மின்நிலையம் அமைக்க, என்ரான் என்ற அமெரிக்க நிறுவனம் முன்வந்தது. அந்நிலையத்தின் மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாக மராட்டிய மின்சார வாரியம் 1993-ஆம் ஆண்டு திசம்பரில் ஒப்பந்தம் செய்தது. விலை மிகுதி, ஏலம் விடாமல் பேசி முடித்தது தவறு என்ற கண்டனங்கள் எழுந்தன. 1995-இல் புதிய அரசு பதவி ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி, ஒப்பந்தம் நீக்கப்பட்டது என்று அறிவித்தது. ஒரு யூனிட் மின்சாரமும் அதுவரை பிறந்திருக்கவில்லை. ஆனால் கட்டட வேலை தொடங்கியிருந்தது, கடன்கள் வாங்கப்பட்டிருந்தன. நிறுவனம் இலண்டனில் நடுவர் மன்றத்துக்குச் சென்று ஈடு கேட்டது. மாநில அரசும் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பின்னர் இரு தரப்பாரும் மீண்டும் உட்கார்ந்து பேசினர். 1996-இல் புதிய நிபந்தனைகளோடு அதே திட்டம் உயிர்பெற்றது. 1999-ஆம் ஆண்டு மே மாதத்தில் முதற்பகுதி மின்சாரம் தந்தது. அதன்பின் விலை தாங்காமல் 2001-ஆம் ஆண்டில் வாரியம் வாங்குவதை நிறுத்தியது, நிலையம் நின்றது, அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் அந்நிறுவனமே நொடித்துப்போயிற்று.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றே. அந்த விலையும் நிபந்தனைகளும் 1993-ஆம் ஆண்டிலேயே எழுத்தில் இருந்தன. கையெழுத்துப் போடுமுன் எழுந்திருக்க வேண்டிய கேள்விகள், போட்ட பின்னர் எழுந்தன. முன்னரே கேட்டிருந்தால் சில நாட்களின் பேச்சோடு முடிந்திருக்கும். பின்னர் கேட்டதால் நீதிமன்றம், நடுவர் மன்றம் என்று ஆண்டுகள் கழிந்தன. ஒரு மாநில அரசே பேனாவின் ஒரு கீறலால் விலகிவிட முடியவில்லை என்றால், நம் போன்றோர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

இந்த எச்சரிக்கை வருங்காலத்தில் இன்னும் மிகுதியாகத் தேவைப்படும். 1957-ஆம் ஆண்டில் நம் மாநில மின்சார வாரியம் அமைந்தபின், பல பத்தாண்டுகளாக முசிறி வியாபாரிக்கு மின்சாரம் வாங்க ஒரே வாயில்தான் இருந்தது. அரசு நிர்ணயித்த கட்டணம். எல்லாருக்கும் ஒரே படிவம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அந்நிலையை மாற்றத் தொடங்கியது. கேட்டவருக்கு இணைப்புத் தரும் கடமையை வழங்கும் நிறுவனத்தின்மேல் அச்சட்டத்தின் 43-ஆம் பிரிவு சுமத்துகிறது. அதனோடு, பெரிய அளவில் மின்சாரம் வாங்குபவர்கள் வேறு உற்பத்தியாளரிடமிருந்தும் வாங்கலாம், விலையையும் நிபந்தனைகளையும் தாமே பேசிக்கொள்ளலாம் என்ற வழியையும் அச்சட்டம் திறந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த விதிகள், காற்றாலை, சூரிய ஒளி முதலியவற்றின் மின்சாரத்தை இவ்வாறு வாங்குவதற்கு 100 கிலோவாட் தேவையுள்ளவர்களும் தகுதியுடையவர்கள் என்று ஆக்கின. ஓர் அரிசி ஆலையோ, குளிர்பதனக் கிடங்கோ இந்த அளவை எட்டிவிடக்கூடும். சூரிய ஒளித் தகடுகளை நிறுவுமுன்பே, இத்தனை ஆண்டுகளுக்கு வாங்குகிறேன் என்று இன்று கையெழுத்துப் போடுகிறார்கள். கையெழுத்துக்கும் மின்சாரத்துக்கும் இடையிலுள்ள காலம் நீண்டுகொண்டே போகிறது. மனம் மாறுவதற்கும், சந்தை மாறுவதற்கும் அது போதுமான காலம்.

ஆகவே, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து இடுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இது எந்த நாளிலிருந்து என்னைக் கட்டுப்படுத்தும்? எந்த நாளில் பொருள் வரத் தொடங்கும்? இடையில் நான் விலகினால் என்ன கொடுக்க வேண்டும்? நான் கட்டும் ஒவ்வொரு தொகையும் எதற்கு. அதில் எது திரும்பும், எது திரும்பாது? இந்நான்குக்கும் விடை எழுத்தில் இல்லாவிட்டால், எழுதித் தரும்படி கேளுங்கள். தயங்க வேண்டா. அதை அவமதிப்பாகக் கருதுபவரோடு ஒப்பந்தம் செய்யாமல் இருப்பதே நலம்.

கையெழுத்து இட்ட பிறகு விலக வேண்டிய நிலை வந்தாலும் அஞ்ச வேண்டா, ஒளியவும் வேண்டா. சொல்ல வேண்டியதை விரைவாகச் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள், அத்தாட்சி பெறுங்கள். மற்றவருக்கு உண்மையாக நேர்ந்த செலவைக் கொடுங்கள். நேராத செலவுக்குக் கணக்குக் கேளுங்கள். மௌனம் சில நேரங்களில் மரியாதையாக இருக்கலாம். ஒப்பந்தத்தில் அது மரியாதையும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது. நம் மௌனத்தை நம்பி மற்றொருவர் கம்பம் நடுகிறார், கடன் வாங்குகிறார், ஆள் அமர்த்துகிறார் என்பதை மறக்கலாகாது.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்று காவிரிக்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேலே அமைதியாகத் தோன்றும் நீருக்கடியில் மணல் அறுத்துக்கொண்டிருக்கும் இடங்களை அவர்கள் அறிவார்கள். அச்சிட்ட படிவமும் அத்தகையதே. மேலே விலை பெரிய எழுத்தில் இருக்கும்; கீழே நிபந்தனைகள் சிறிய எழுத்தில் ஓடும். அவற்றைப் படிக்கும் அளவுக்கு உங்களுக்குக் கல்வி வாய்த்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் தெருவிலும் அந்த வாய்ப்புப் பெறாத பெரியவர்கள் பலர் தொழில் நடத்துகிறார்கள். அவர்கள் கையில் ஒரு படிவம் வந்து சேரும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் கற்ற கல்வியால் ஊருக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி அதுவாக இருக்கட்டும்.